என் ரெஸ்யூமில் அவன் செய்த பிளேட்

நாற்பத்து மூன்று வயதில்தான் முதல் முறையாக ரெஸ்யூம் எழுதினேன். அதற்கு முன்னால் ஓசூரில் வேலைக்குச் சேர அது தேவைப்படவில்லை. சிப்காட்டில் கம்பெனி கேட் முன்னால் காலை ஏழு மணிக்குப் போய் நிற்க வேண்டும். வாட்ச்மேன் பயோடேட்டாவை வாங்கி உள்ளே கொண்டுபோவார். யாராவது வந்து ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்றால் உள்ளே விடுவார்கள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு பஸ் ஏறி வந்த நான் அப்படித்தான் சேர்ந்தேன். வண்டிகளுக்கு அலுமினிய பாகங்கள் செய்கிற கம்பெனி. பத்தொன்பது வருடம் அங்கேயே குவாலிட்டியில் இருந்தேன். பிறகு ஆர்டர் குறைந்து எங்கள் யூனிட்டை மூடினார்கள். கடைசி நாள் கேக் வெட்டினார்கள், அது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அதே நாளில் என்னோடு இன்னொருவனும் வெளியே வந்தான். மத்தூர்ப் பக்கத்துக்காரன். அப்பா அம்மா இருவரும் காலமெல்லாம் கூலிக்குப் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் ஐடிஐ படித்து மெஷின் முன்னால் நின்ற முதல் ஆள் அவன்தான். என்னைவிட நான்கு வயது சின்னவன், அண்ணா என்று கூப்பிடுவான். வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், ஜூஜுவாடி டீக்கடையில் லாரிக்காரர்களோடு கன்னடம் என்று மூன்று பாஷையிலும் வாயடிப்பான். இங்கிலீஷ் மட்டும் எழுத வராது. அவன் செட்டர். ஒரு மாடல் பாகத்தை ஓட்டி முடித்துவிட்டு அடுத்த மாடலுக்கு மாறும்போது, மெஷினை அதற்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பது செட்டர் வேலை.

அந்த மாற்றத்துக்கு எங்கள் லைனில் முக்கால் மணி நேரம் ஆகும். பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தைக் கழற்ற வேண்டும், இன்னொன்றை வைக்க வேண்டும், டயல் கேஜ் வைத்து நேராக இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை மெஷின் சும்மா நிற்கும், மேனேஜர் சும்மா நிற்க மாட்டார். ஒரு நாள் இவன் பழைய இரும்பிலிருந்து ஒரு தடித்த பிளேட்டை எடுத்து, அதில் முளை மாதிரி இரண்டு இரும்புப் பின்னும் ஒரு பூட்டும் வைத்து, மெஷின் மேல் நிரந்தரமாகப் பொருத்திவிட்டான். அதற்குப் பிறகு எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தாலும் பின்னில் போய் உட்காரும், ஒரு திருகு திருகினால் பூட்டிக்கொள்ளும். தட்டிப் பார்க்கும் வேலையே இல்லை. முக்கால் மணி நேரம் பத்து நிமிடமானது. எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"எங்கூட்டு மிக்சிணா. அவ சட்னி அரைக்கறப்ப பாத்தன். எந்த ஜாரை வச்சாலும் கரெக்டா ஒரே எடத்துல தான உக்காருது? யாராவது டயல் வச்சா பாக்கறாங்கோ?"

எங்கள் தொழிற்சாலைகளில் கைசன் என்று ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளி ஏதாவது ஒரு முன்னேற்றம் செய்தால், முன்பு எப்படி, பின்பு எப்படி என்று இரண்டு போட்டோ ஒட்டி, ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதி போர்டில் மாட்ட வேண்டும். செய்தவனுக்கு எழுத வராது. எழுதுகிறவன் எதையும் செய்திருக்க மாட்டான். ஆகவே பெயர் போடும் இடத்தில் 'டீம்' என்று போட்டு இரண்டு பெயரையும் எழுதிவிடுவோம். ஓசூரில் யாரும் இதைத் திருட்டு என்று சொல்வதில்லை. அவனுடைய பிளேட்டுக்கு நான்தான் தாள் எழுதினேன். ஆளுக்கொரு ஹாட்பாக்ஸும் இரண்டு பெயர் போட்ட ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

வேலை போன பிறகு நானும் அவனும் போனில் வேலை தேடும் ஆப்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். கேட்டில் போய் நின்றால் இப்போது வாட்ச்மேன் தாளை வாங்குவதில்லை. ஆன்லைனில் போடுங்க சார் என்று க்யூஆர் கோடு ஒட்டிய ஒரு பலகையைக் காட்டுகிறார். நானும் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். கையலம்பிவிட்டு வருவதற்குள் வருந்துகிறோம் என்று பதில் வந்துவிட்டது. அந்தக் கடிதம் 'டியர் உ' என்று தொடங்கியது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. நான் ரெஸ்யூமின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டிருந்தேன். பரீட்சைத் தாளிலும், கல்யாணச் சாமான் பட்டியலிலும் போட்டுப் பழகிய கை. அந்தச் சுழியை என் பெயர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் மனைவி சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாள் என்னை 'உ' என்றே கூப்பிட்டாள். நானும் சிரித்தேன், உள்ளே எரிந்தது.

பாகலூர் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த பெண்ணிடம் அந்த ரெஸ்யூமைக் கொண்டுபோனேன். அவள் பார்த்த மாத்திரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சார், இத மனுஷங்க படிக்கறதுக்கு முன்னாடி ஒரு சாஃப்ட்வேர் படிக்கும். கம்பெனி கேட்ட வார்த்தைங்க இருக்குதான்னு பாத்து மார்க் போடும். மார்க் கம்மியா இருந்தா ஹெச்ஆர் கண்ணுக்கே போவாது. நீங்க கட்டம் கட்டமா போட்டிருக்கீங்க, போட்டோ ஒட்டியிருக்கீங்க. அதுக்கு ஒண்ணுமே புரியாது."

அவள் பிள்ளையார் சுழியை எடுத்தாள். அப்பா பெயரை எடுத்தாள், கட்டங்களை எடுத்தாள். கடைசியில், மேலே சொன்னதெல்லாம் உண்மை என்று உறுதியளிக்கிறேன் என்று ஒரு வரி இருந்தது, அதையும் எடுத்தாள். இதுக்கு மார்க் கிடையாது சார் என்றாள். பிறகு, என்ன வேலை பார்த்தீர்கள் என்று எழுதினால் போதாது, எதைக் குறைத்தீர்கள், எதைக் கூட்டினீர்கள் என்று எண்ணோடு எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். நல்ல பெண். அவளிடம் ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. பத்தொன்பது வருடத்தில் நான் எதைக் குறைத்தேன்? வந்த பாகத்தை அளந்தேன். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அதை ஒழுங்காகத்தான் செய்தேன். ஆனால் எண் போட்டு எழுத ஒரு வரி கிடையாது.

அந்த வாரம்தான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு புதிய தொழிற்சாலையில் ப்ராசஸ் இன்ஜினியர் வேலைக்கு விளம்பரம் வந்தது. டிப்ளமோ அல்லது ஐடிஐயோடு அனுபவம் இருந்தால் போதும். செட்டிங் நேரத்தைக் குறைத்த அனுபவம் வேண்டும் என்று அந்த விளம்பரத்தில் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. படித்ததும் எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. கூப்பிட்டேன். அப்போது அவன் ஒருவருடைய குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். மத்தூரிலிருந்து தக்காளி ஏற்றுவது, வெள்ளிக்கிழமையானால் குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு ஆடு ஏற்றுவது என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது. சான்றிதழ்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.

"நீங்களே எழுதிடுங்ணா. உங்குளுக்குத் தெரியாததா? ஆட்டு வாசனையோட எத்தினி நாளைக்கு ஊட்டுக்குப் போறது? எம்பொண்ணே மூக்கப் புடிக்கறா."

முதலில் அவனுடைய ரெஸ்யூமைத்தான் எழுதினேன். இதை நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை, ஆனால் அதுதான் உண்மை. நேர்மையாக எழுதினேன். பிளேட்டைப் பற்றி, முக்கால் மணி நேரம் பத்து நிமிடமானது பற்றி, விளம்பரத்தில் இருந்த அதே வார்த்தைகளில் அழகாக ஒரு வரி எழுதினேன். பிரவுசிங் சென்டர் பெண், மார்க் போட்டுப் பார்க்கிற ஒரு இலவச வெப்சைட்டைக் காட்டியிருந்தாள். அதில் அவனுடைய ரெஸ்யூமைப் போட்டேன். எண்பத்தொன்று வந்தது. என்னுடையதைப் போட்டேன். நாற்பத்தாறு.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு அழகான வார்த்தை போட்டு இதை மூட விருப்பமில்லை. டிப்ளமோ படித்தவன் நான், இங்கிலீஷில் எழுதியவன் நான், அவனுக்கு எண்பத்தொன்று வாங்கிக் கொடுத்ததே என் எழுத்து. இவன் வேலைக்குப் போய்விடுவான், நான் வீட்டில் உட்கார்ந்து என் மனைவி தன்னோடு சீட்டுப் போடும் தோழிகளிடம் என்னைப் பற்றி என்ன சொல்லலாம் என்று யோசிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வரியை அவன் ரெஸ்யூமிலிருந்து வெட்டினேன். என்னுடையதில் ஒட்டினேன். இரண்டு பட்டனுக்கு மேல் அந்த வேலைக்குத் தேவைப்படவில்லை.

அப்போது எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஒரே வரி இரண்டு ரெஸ்யூமில் இருந்தால் சாஃப்ட்வேர் காப்பி என்று கண்டுபிடித்து இரண்டையும் தூக்கி எறிந்துவிடும், யாராவது ஒருவராவது போகட்டும் என்று. யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கிய சட்டம் அது. அப்படியே இருந்தாலும் அந்த ஒருவர் ஏன் நானாக இருக்க வேண்டும் என்ற கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் ரெஸ்யூமில் அந்த இடத்தில், மெஷின் செட்டிங்கில் உதவியுள்ளார் என்று எழுதினேன். அவனுடைய வேலையிலேயே அவனை உதவியாள் ஆக்கினேன். இரண்டையும் அனுப்பினேன். அவனுக்குப் போன் செய்து அனுப்பியாச்சுப்பா என்றேன். ரொம்ப தேங்ஸ்ணா என்றான்.

எனக்கு நான்காம் நாள் அழைப்பு வந்தது. அவனுக்கு வருந்துகிறோம் என்று வந்தது.

இன்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். ரொம்பவும் மரியாதையாகப் பேசினார்கள். அந்தச் செட்டிங் பிளேட் யோசனை எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தவனுக்கு அதற்குமேல் என்ன கூச்சம்? என் மனைவி சட்னி அரைக்கும்போது பார்த்தேன் சார், எந்த ஜாரை வைத்தாலும் ஒரே இடத்தில் உட்காருகிறதே என்று தோன்றியது என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். பிளேட்டை எடுத்ததோடு நிற்காமல் அவன் வீட்டு அடுப்படிக்குள்ளேயும் புகுந்துவிட்டேன்.

சான்றிதழில் இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்து ஹெச்ஆர் மேடம், இன்னொருத்தர் யாரு என்று கேட்டார்.

"ஒரு ஆபரேட்டர், மேடம். கூட மாட இருந்தார்."

"அப்படியா? ஏன் கேட்டேன்னா, எங்களுக்கு ரெண்டு பேர் வேணும். இன்னொரு எடத்துக்கு ஆளே கெடைக்கல. வந்த ரெஸ்யூம்ல எதுலயுமே இந்த அனுபவம் இல்ல."

இரண்டு இடம். அந்த வரி இரண்டு ரெஸ்யூமிலும் இருந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. மேடம், அவரும் அப்ளை பண்ணியிருக்கார், கொஞ்சம் பாருங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே மிக்சியைச் சொல்வான். நான் தண்ணீர் குடித்தேன்.

சேர்ந்த இரண்டாவது மாதம், அந்த மாதிரி பிளேட் ஒன்றை இங்கேயும் செய்துகொடுங்கள் என்றார்கள். தாளில் எழுதியது ஞாபகம் இருந்ததே தவிர, கையால் செய்தவனுக்குத் தெரிகிற எதுவும் எனக்குத் தெரியாது. அவனைத்தான் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எங்கள் தெருவில் நிறுத்திவிட்டு வந்தான். எதற்கு என்று கூடக் கேட்கவில்லை. தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் வரைந்தான்.

"பின்ன ரொம்ப டைட்டா வைக்காதீங்ணா. மெஷின் சூடானா புடிச்சிக்கும். ஒரு பின்னு உருட்டு, இன்னொண்ணு ரெண்டு பக்கமும் லேசா சீவி வைக்கணும். அங்கதான் நான் மொதல்ல ஏமாந்தன், ஞாபகம் இருக்குதா?"

எனக்கு ஞாபகம் இல்லை. இருக்கிறது என்றேன். என் மனைவி காப்பி கொடுத்தாள். குடித்துக்கொண்டே கேட்டான்.

"என் பேப்பரு ஏன்ணா போவல?"

"என்னமோப்பா. அந்த சாஃப்ட்வேர் சரியில்ல. அதுக்கு மனுஷன் அருமை எங்கிட்டுத் தெரியுது."

"மெஷினக் கொற சொல்லக் கூடாதுணா. புரோகிராம்ல என்ன போடறோமோ அதத்தான் அது ஓட்டும்."

செட்டருக்கு அது அன்றாடப் பேச்சு. எந்த உள்நோக்கமும் இல்லாமல்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, நான் அந்தக் காலண்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அவன் போன பிறகு என் மனைவி, பாவம், அவருக்கு எதையாவது பார்த்துக் குடுங்க என்றாள். அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

பார்த்துக் கொடுத்தேன். அதையும் எப்படிக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில், உள்ளே இருப்பவர் சிபாரிசு செய்தால் அந்த ரெஸ்யூம் சாஃப்ட்வேருக்குப் போகாமல் நேராக ஹெச்ஆர் மேடத்தின் மேசைக்குப் போகும். இரண்டாவது இடம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது. அவனுடைய பெயரைப் பார்த்ததும் அந்த மேடத்துக்குச் சான்றிதழ் ஞாபகம் வரும், கூப்பிட்டுக் கேட்பார். ஆகவே நான் அந்த வழியில் போகவில்லை. லேபர் கான்ட்ராக்டரிடம் அவன் நம்பரைக் கொடுத்தேன். கான்ட்ராக்ட் ஆபரேட்டருக்கு ரெஸ்யூம் வேண்டாம், ஆதார் கார்டும் இரண்டு போட்டோவும் போதும். அவன் போனில் எனக்கு நன்றி சொன்னான். அண்ணிக்கும் சொல்லச் சொன்னான்.

அவன் சேர்ந்த முதல் நாள் ஏழெட்டுப் புது ஆட்களோடு லைனுக்கு வந்தான். லைன் லீடர் ஒரு சின்னப் பெண், திருவண்ணாமலைப் பக்கம், சுறுசுறுப்பானவள். மெஷின் மெஷினாகக் காட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒதுங்கி ஆபீஸ் அறைக்குள் போய்விடலாம் என்று திரும்புவதற்குள், சார் இங்க வாங்க என்று கூப்பிட்டுவிட்டாள்.

"இந்த பிளேட்டப் பாருங்க. மாடல் மாத்த பத்தே நிமிஷம்தான். நம்ம சார் கண்டுபிடிச்சது. அவங்க வீட்டு மிக்சி ஜாரைப் பாத்து ஐடியா வந்துச்சாம்."

அவன் பிளேட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஒரு பாகத்தை அளந்து பச்சையா சிவப்பா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்தான் பார்த்தான். நான் என் ஷூவைப் பார்த்தேன். அவன் குனிந்து, கட்டை விரலால் அந்தச் சீவிய பின்னைத் தடவினான்.

"நல்லா இருக்குதுங்க சார்," என்றான். பிறகு லைன் லீடரிடம், "இந்தப் பின்னு ஒரு பக்கமா தேயுதுங்க. இத கழட்டி மாத்தறாப்புல ஒரு புஷ்ஷு, சின்ன வளையந்தான், வச்சுட்டா, நாளைக்கு முழு பிளேட்டையும் எடுக்க வேண்டிய வேலை இருக்காது," என்றான்.

அவள் குனிந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்பட்டாள். "அட, மொத நாளே கண்டுபிடிச்சிட்டீங்களே! ஒரு கைசன் போடுங்கண்ணா. ஷீட் தர்றேன், எழுதிக் குடுங்க."

"எனக்கு எழுத வராதுங்க," என்றான் அவன். "சார் எழுதுவாரு. சார் நல்லா எழுதுவாரு."

குத்திக் காட்டினானா, நிஜமாகவே சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குத்திக் காட்டியிருந்தால் தேவலை. முகத்தில் ஒன்றுமே இல்லை. அவள் தாளை என் கையில் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த மெஷினுக்குப் போனாள். அவனும் அவர்களோடு போனான். நான் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். பெயர் போடும் இடத்தில் இந்த முறை அவன் பெயரை மட்டும் எழுதினேன். பிளேட்டுக்கு இல்லை, ஒரு புஷ்ஷுக்கு.